எமரால்டில் தங்கிய ஓட்டு

எமரால்டில் நவம்பர் மாதம் துணி காயாது, மேடம். நீங்கள் இந்த மலைக்குப் புதிது என்று சொன்னார்கள், அதனால் சொல்கிறேன். அணைக்கு மேலேயிருந்து மூடுபனி இறங்கினால் அது விருந்தாளி மாதிரி வந்துபோகாது. குடித்தனக்காரன் மாதிரி வந்து பொங்கல் வரை காலி செய்யாமல் இருக்கும். கொடியில் போட்ட வேட்டி எத்தனை நாளானாலும் சொதசொதவென்றுதான் தொங்கும். ஆகவே இங்கே பெரும்பாலான வீடுகளில் ஒரு கரிச்சட்டி உண்டு. சீகை மரக் கரியை மூட்டி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியைப் பரப்பி விடுவோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகூட அப்படித்தான் காய்கிறது. கொஞ்சம் புகை வாசம் ஒட்டும். பழகிப்போனால் அந்த வாசம் இல்லாத சட்டைதான் யாருடைய சட்டையோ மாதிரி இருக்கும்.

நீங்கள் கேட்டதும் கரிச்சட்டியைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முன்னால் அருள்ராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏதோ கோபக்காரன் என்று நினைத்துக்கொள்வீர்கள். எனக்குக் கோபம் வருவதே அபூர்வம். என் மனைவி விஜயாவைக் கேட்டுப் பாருங்கள், அவளுக்கே அது ஒரு குறை.

அருள்ராஜ் என் அக்கா வீரம்மாவின் ஒரே பிள்ளை. சிலோன் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தான், மலையகத்து மக்களின் சின்னக் கட்சி ஒன்றில். அதெல்லாம் பேப்பரில் வந்துவிட்டது. பேப்பரில் வராதது, அவனுக்குக் காது குத்தியது என் மடியில் என்பது.

நாங்கள் சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகளை ஒட்டிக் கட்டிய வரிசையில், பிறந்தவர்கள். இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து, இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில், அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அக்காவின் புருஷன் அங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் சோறு தின்றவர்கள் ஒரு கையெழுத்தில் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆகிப்போனோம். எங்கள் காம்பராவைப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்தபோது அம்மா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. நாங்கள் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, கூடலூர் பக்கம் சர்க்கார் தோட்டத்தில் கொழுந்து பறிக்க வந்து சேர்ந்தோம்.

எண்பத்து மூன்றில் அங்கே கலவரம் வந்தது. யாருக்கும் யாருக்கும் சண்டை என்று அக்காவுக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் சரியாகத் தெரியாது. எரிந்தது மட்டும் அவள் லயம். அவள் புருஷன் கதவை உடைத்துப் பிள்ளையையும் அவளையும் வெளியே தள்ளிவிட்டு, தன் அம்மாவைத் தூக்க உள்ளே போனார். அவர் வெளியே வரவில்லை. அக்கா பிள்ளையோடு கூடலூருக்கு எங்களிடம் வந்தாள். அருள்ராஜுக்கு அப்போது ஆறு வயது. தள்ளிப் போட்டிருந்த காது குத்தை அந்த வருஷம்தான் செய்தோம், தாய்மாமன் என்ற முறையில் என் மடியில் வைத்து. ஊசி இறங்கியபோது அவன் என் விரலைக் கடித்தான். வலிக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

அவனுக்குத் தீயைக் கண்டால் ஆகாது. அடுப்படிக்கே வர மாட்டான். விளக்குத் திரியைத் தூண்டினால்கூட எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். மலைக் குளிரில் பிள்ளை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வாசலில் நிற்பதைப் பார்த்துச் சகிக்க முடியாது. நான்தான் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரிச்சட்டிப் பக்கத்தில் உட்காரப் பழக்கினேன். கரியில் தீ ஆடாது, சத்தம் போடாது, சிவப்பாகக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். "இது நல்ல நெருப்புடா, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிச் சொல்லி அவன் கையை நீட்ட வைத்தேன். அப்புறம் அவன் பாடம் படித்ததே கரிச்சட்டிப் பக்கத்தில்தான். நான்கு வருஷம் அவன் எனக்குப் பிள்ளையாக இருந்தான். பிறகு, எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி அக்கா அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எரிந்த லயத்துக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். அதே காம்பரா.

சண்டை அதற்குப் பிறகுதான் பெரிதாக நடந்தது. நடந்து, முடிந்தும் போனது. அருள்ராஜ் வாத்தியாராகி, சங்கத்துக்காரனாகி, ஓட்டுக் கேட்டு ஜெயித்து, வெள்ளை வேட்டிக்காரனாகிவிட்டான். கொழும்பில் வீடு எடுத்துக் கொடுத்தும் அக்கா லயத்தை விட்டு நகரவில்லை. என் புருஷன் போன இடம் இதுதான் என்று சொல்லிவிட்டாள்.

அங்கே ஜனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் என்ன தகராறு என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்குப் புரிந்தவரையில் அது ரொம்ப எளிது. சண்டைக் காலத்தில் அவசரத்துக்கு என்று ஜனாதிபதி நாற்காலிக்குக் கொடுத்த அதிகாரமெல்லாம் சண்டை முடிந்தும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பாராளுமன்றத்துக்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். அவர் கொடுக்க மாட்டேன் என்றார். இவர்கள் சட்டம் கொண்டுவந்தார்கள். அவர் சபையையே கலைப்பேன் என்றார். வாங்குவது விற்பது எல்லாம் நடந்து, கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஒரே ஒரு ஓட்டில் நின்றது. அந்த ஒரு ஓட்டு என் அக்கா மகனுடையது என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டார்கள். இதில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. லயத்துப் பிள்ளை கையில் நாடு நிற்கிறது என்றால் யாருக்குத்தான் இருக்காது.

நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம், ஓட்டுப் போடப் போகிறவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் எங்காவது சொகுசாக அடைத்து வைப்பார்கள். அங்கேயும் அப்படித்தான். ஜனாதிபதி ஆட்கள் விலை பேசாதபடிக்குச் சட்டத்தின் பக்கம் நின்ற சிலரைச் சென்னை ஓட்டலில் வைத்தார்கள். அருள்ராஜ் ஓட்டல் வேண்டாம், நான் மாமா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். அவனுடைய காரியதரிசி நெல்சன் அவனைக் கொண்டுவந்து விட்டான். நெல்சன் ஊட்டியில் அறை எடுத்துக்கொண்டான். ஓட்டுப் போடும் நாளுக்கு முந்தின நாள் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு.

ஓய்வு பெற்றபின் நான் எமரால்டில் ஒரு காட்டேஜைப் பார்த்துக்கொள்கிறேன். சொந்தக்காரர் ஆறுக்குட்டி, கோயமுத்தூரில் மோட்டார் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். அருள்ராஜ் வந்த மறுநாளே, நான் மேலே பஸ் திரும்பும் இடத்துக்குப் போயிருந்தபோது போன் செய்தார்.

"ஏனுங்க பொன்ராஜ், ஊட்டுல ஆரோ வந்திருக்காங்களாமா?"

"அக்கா பையனுங்க. ஒடம்புக்கு முடியலைன்னு நாலு நாள் தங்க வந்திருக்கான்."

"தங்கட்டுங்க, அதுக்கென்ன. சீசன் இல்லாத நாள்தானுங்க. கரிய மட்டும் ரூமுக்குள்ள வெச்சுப்போடாதீங்க. போன வருசம் பக்கத்துக் காட்டேஜ்ல ஆனது ஞாபகம் இருக்குதுங்கல்ல?"

ஞாபகம் இருந்தது. திருப்பூர்க்காரர்கள், புருஷனும் மனைவியும். குளிருக்காகக் கரியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. கதவை உடைத்தவர்களில் நானும் ஒருவன். அவர்கள் முகத்தில் வேதனை எதுவும் இல்லை. அதை நான் கவனித்தேன். அதற்குப் பிறகு யார் தங்க வந்தாலும் சாவியைக் கொடுக்கும்போதே கரியைப் பற்றிச் சொல்லிவிடுவது என் வேலையாகிவிட்டது. அருள்ராஜிடம் சொல்லவில்லை. அவன் விருந்தாளி இல்லையே, வீட்டுப் பிள்ளை.

விஜயா அப்போது கூடலூரில் மகள் ஜீவிதாவின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் சமைப்பேன், அவன் காரட் நறுக்குவான். பாராளுமன்ற உறுப்பினர் காரட் நறுக்குவதைப் பார்த்தால் நாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும், ஒன்று விரல் பருமன், ஒன்று நூல் பருமன். சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். சந்தோஷமான நாட்கள் அவை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் தினமும் நான் அவனைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

"நீ ஓட்டுப் போட்டா ஜனாதிபதி ஆளுங்க லயத்துக்கு வருவாங்க. போடாம விட்டா மத்தவங்க வருவாங்க. அம்மா அங்கதானடா இருக்கா."

"காலம் மாறிருச்சு மாமா."

"காலம் மாறும். தீப்பெட்டி மாறாது."

"அப்ப நான் என்னதான் செய்யணுங்கிறீங்க? லயத்து ஆளுங்க வெயில்ல வரிசையில நின்னு எனக்குப் போட்டாங்க. நான் போய் ஒரு ஓட்டுப் போட மாட்டேன்னா, அப்புறம் அங்க உக்காந்து என்னா செய்ய?"

"போவாதே. இங்கயே இரு."

"போவலைன்னா காசு வாங்கிட்டான்னு சொல்லுவாங்க. அதுக்கும் அம்மா வாசல்லதான் வந்து கத்துவாங்க."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் ராத்திரி பகலாக யோசித்தேன். போட்டால் ஒரு கூட்டம் வரும். போடாவிட்டால் இன்னொரு கூட்டம் வரும். ஒளிந்துகொண்டால் விலை போய்விட்டான் என்பார்கள். நான் அவன் பாஸ்போர்ட்டை ஒளித்தால் நெல்சன் புதிதாக ஏற்பாடு செய்வான். காலை உடைத்துக்கொண்டால்கூடத் தூக்கிக்கொண்டு போய்ச் சபையில் உட்கார வைப்பார்கள். அப்படி ஒருவரைக் கட்டிலோடு தூக்கிப் போனதாக அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். எப்படிச் சுற்றி வந்தாலும் அக்காவின் வாசலில்தான் வந்து நின்றது. எந்தப் பக்கத்துக்கும் கோபம் வராமல் ஒருவன் ஓட்டுப் போடாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு. செத்தவன் மேல் யாரும் கோபப்பட முடியாது. அதுவும் தானாகப் போனவனாக இருந்தால், இரண்டு பக்கமும் மாலை அனுப்பும்.

இப்படிச் சொல்லும்போது கேட்க எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் பேனா நின்றுவிட்டது, பார்த்தேன். ஆனால் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்த லயத்தில் எத்தனை குடும்பம். அதற்குக் கீழே இன்னொரு லயம். எல்லாவற்றுக்கும் தகரக் கூரை, பலகைக் கதவு. அவனுக்கும் ஒருவேளை சாவு அங்கேதான் வந்திருக்கும், அதுவும் நெருப்பில். அவன் அப்பாவைப் போல. என் கையில் இருந்தால் நெருப்பே தெரியாது.

ஓட்டுக்கு முன்னால் வந்த செவ்வாய்க்கிழமை. காட்டேஜில் போன் எடுக்காது, பேச வேண்டுமானால் மேலே பஸ் திரும்பும் இடம் வரை ஏற வேண்டும். காலையில் எழுந்தவுடன் நெல்சனோடு பேச வேண்டும் என்று மழையில் குடைகூட எடுக்காமல் போனான். ஏற்கனவே அவனுக்குச் சளி. ரொம்ப நேரம் கழித்துத் தெப்பலாக நனைந்து திரும்பி வந்தான். முகம் மட்டும் தெளிவாக இருந்தது. முகத்தில் அந்தத் தெளிவைப் பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது, அவன் முடிவு செய்துவிட்டான்.

தலையைத் துவட்டி விட்டேன். நெற்றி சுட்டது. ரசம் சோறு பிசைந்து கொடுத்தேன், ஒரு மாத்திரையும் கொடுத்தேன். காய்ச்சல் மாத்திரைதான், வேறு எதுவும் இல்லை, நீங்கள் பரிசோதித்திருப்பீர்கள்.

"மாமா, ஒரு சேதி இருக்கு. சாயங்காலம் எந்திரிச்சுச் சொல்றேன். இப்பக் கண்ணு சொருகுது."

"சரிடா, தூங்கு."

"குளிருது மாமா. அந்தக் கரிச்சட்டிய கொஞ்சம் உள்ள வைங்களேன்."

அவன்தான் கேட்டான். இதை நீங்கள் தவறாமல் எழுத வேண்டும். சிலோன் மலையும் குளிர்தான், ஆனால் அவன் இருபது வருஷமாகக் கொழும்பில், வியர்வையில் இருந்தவன். மூடின அறையில் கரி என்ன செய்யும் என்று அவன் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால் நான் வைக்கிற கரிச்சட்டியைப் பற்றி அவனுக்கு அப்படித் தோன்றியிருக்காது.

துணி காயப் போட்டிருந்த கூடையை எடுத்துவிட்டு, சட்டியை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். கரி நிறையப் போட்டேன். அவன் சின்னப் பிள்ளையில் செய்தது போலவே படுத்தபடி கையை நீட்டிக் காய்ந்தான். சிரித்தான். போர்வையைக் கழுத்து வரை இழுத்து விட்டேன். ஜன்னல் ஏற்கனவே சாத்தித்தான் இருந்தது. மேலே காற்று வருகிற சின்னத் திறப்பு உண்டு, அதில் சாக்கை மடித்துச் செருகினேன். வெளியே வந்து கதவைச் சாத்தி, அவனுடைய ஈர வேட்டியையே சுருட்டிக் கதவடியில் வைத்தேன். பிறகு வராந்தாவில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். மகளுக்குப் பிரசவ மருந்து கிண்ட விஜயா கேட்டிருந்தாள், ஒரு கூடைப் பூண்டு.

ஒரு தரம் கூப்பிட்டான். "மாமா" என்று, சத்தமாக இல்லை. தண்ணீர் கேட்கிறவன் மாதிரி. என் கை நின்றது. எழுந்து நின்றேன். கதவு வரைக்கும் போனேன். திறந்தால் அவன் எழுந்து உட்கார்ந்துகொண்டு அந்தச் சேதியைச் சொல்லுவான், நாளைக்கு வண்டி வரும், லயம் எரியும். அப்படித்தான் தோன்றியது. நின்றுகொண்டே இருந்தேன். இரண்டாம் தரம் கூப்பிடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து மீதிப் பூண்டையும் உரித்தேன். கண் எரிந்தது. பூண்டு உரித்தால் யாருக்கும் கண் எரியாது, மேடம், அது எனக்குத் தெரியும்.

பொழுது சாய்ந்தபின் சாக்கையும் வேட்டியையும் எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டேன். நான் கடைக்குப் போயிருந்தேன், அவனே சட்டியை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டான் என்று சொன்னேன். உங்களுக்கு முன்னால் இருந்த எஸ்.ஐ. என் தோளைத் தட்டி, "வெளியூர்க்காரங்க, சொன்னாலும் கேக்க மாட்டாங்க" என்றார். ஆறுக்குட்டி போனிலேயே அழுதார். எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் அழுதது நடிப்பில்லை. இதை நம்புவது உங்கள் இஷ்டம்.

உடலோடு நானும் விமானத்தில் போனேன். பையனாகக் கப்பலில் வந்த மண்ணுக்குக் கிழவனாகத் திரும்பிப் போனேன், முன்னால் பெட்டி, பின்னால் நான். தோட்டத்தில் தப்பு அடித்தார்கள். ஜனாதிபதி மாலை அனுப்பியிருந்தார். பாராளுமன்றத்துக்காரர்களும் வண்டி வண்டியாக வந்தார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே பந்தலில், ஒரே தேத்தண்ணிப் பானையைச் சுற்றி நின்று, அவனைப் போல ஒருவன் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. நான் கணக்குப் போட்டபடியே நடந்தது.

தாய்மாமன் கோடி போட வேண்டும். புது வேட்டியை அவன்மேல் போர்த்தினேன். சின்னப் பிள்ளையில் போர்வை இழுத்து விடுவது போலக் கழுத்து வரை இழுத்தும் விட்டேன், கை பழக்கத்தில். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டலு வேணாம், ஒங்கிட்டப் போகச் சொன்னதே நாந்தான்டா தம்பி. வேற எங்க போயிருந்தாலும் கொன்னுருப்பானுங்க. ஒங்கிட்ட இருந்ததால எம்புள்ள தூக்கத்துல போயிருச்சு. நல்ல சாவு."

நான் ஆமாம் என்றேன். நல்ல சாவுதான், அக்கா சொன்னதில் தப்பில்லை.

காரியத்தன்றைக்கு நெல்சன் என்னைத் தனியாக அழைத்துப் போனான். தோட்டத்தில் பெரட்டு எடுக்கிற களத்தில், ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடத்தில், நின்று பேசினோம். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணன் அன்னைக்குக் காலையில போன் பண்ணினாரு மாமா. 'நான் வரல நெல்சன். மாமா தெனம் சொல்றதக் கேட்டுக் கேட்டு எனக்கும் போதும்னு ஆயிருச்சு. பதவிய எழுதிக் குடுத்துர்றேன். எழுதிக் குடுத்தவன் மேல யாருக்கும் ஒண்ணும் இல்ல. அம்மாவ எமரால்டுக்கே கூட்டிட்டு வந்துர்றேன்'னாரு. நான் திட்டினேன் மாமா. ரொம்பத் திட்டிட்டேன். 'சாயங்காலம் மாமாகிட்டச் சொல்லணும், சந்தோசப்படுவாரு'ன்னு சொல்லி வச்சிட்டாரு."

பதவியை எழுதிக் கொடுப்பது என்று ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோட்டத்தில் வேலை செய்தவன் நான். கிடைத்த வேலையை யாராவது எழுதிக் கொடுப்பார்களா. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பேர் போடுவது, இல்லாவிட்டால் பேர் வெட்டுவது. தானாக விலகுவது துரைமார்களின் வழக்கம். அருள்ராஜ் படித்தவன், அவனுக்குத் தோன்றியிருக்கிறது. நான் கையிலிருந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அதில் சீனி போட்டிருந்தார்களா இல்லையா என்று தெரியவில்லை.

அந்தச் சட்டத்தை ஓட்டுக்கே விடவில்லை. முதலில் அனுதாபத்துக்கு ஒத்திவைத்தார்கள். ஒத்திவைத்த நாளில் ஜனாதிபதியும் அவர்களும் உள்ளே உட்கார்ந்து பேசி, மந்திரி பதவிகளைப் பங்கு போட்டுக்கொண்டு, சட்டத்தைப் பரணில் போட்டுவிட்டார்கள். இப்போது ஒற்றுமையாக இருக்கிறார்களாம். அருள்ராஜ் உயிரோடு இருந்திருந்தாலும் அவன் ஓட்டை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தேர்தல் வந்தவுடன் ஒற்றுமை போய்விட்டது. அவன் படத்தைச் சுவரெல்லாம் ஒட்டி, கொன்றது யார் என்று கீழே எழுதியிருக்கிறார்களாம். இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைச் சொல்கிறது, அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைச் சொல்கிறது. போன மாதம் அக்காவின் லயத்தில் இரண்டு காம்பரா எரிந்தது. யாரும் சாகவில்லை. அக்காவுக்கு முழங்கையில் கொஞ்சம் காயம், அவ்வளவுதான். போனில் சொன்னாள்.

அங்கேயிருந்து விசாரணைக்கு வந்தவர்கள், கடைசியாகப் போனில் சண்டை போட்டவன் நெல்சன், ஜனாதிபதி ஆளிடம் காசு வாங்கிக்கொண்டு அவன்தான் ஏதோ செய்திருக்கிறான் என்று சொன்னதால், திரும்ப இங்கே வந்த அவனை நீங்கள் கோயமுத்தூர் விமான நிலையத்தில் நிறுத்தி வைத்ததாகப் பேப்பரில் பார்த்தேன். அதனால்தான் வந்தேன். யாரும் என்னை அழைக்கவில்லை. நெல்சனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். செய்யாத காரியத்துக்கு ஒருவன் அடிபடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவன் இல்லை நான். அவனை விட்டுவிடுங்கள். சட்டியை வைத்தவன் நான், சாக்கைச் செருகியவன் நான், அவன் கூப்பிட்டபோது கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவன் நான். அருள்ராஜைக் கொன்றது நான்தான்.

விஜயாவுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். நான் சொல்லவில்லை. கூடலூரிலிருந்து திரும்பி வந்தவள் கரிச்சட்டியைத் தூக்கிக் கொல்லையில் போட்டுவிட்டாள். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் துணி காய்வதே இல்லை. ஈரத்தோடுதான் உடுத்துகிறோம்.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் வரை பொறுத்திருந்தால் அவனே வாயால் சொல்லியிருப்பானே என்றீர்கள். அப்படிச் சொல்ல முடியாது, மேடம். அவன் அரசியல்காரன். காலையில் மழையில் நனைந்துகொண்டு ஒன்று சொல்லுவான், சாயங்காலம் காய்ச்சல் இறங்கி, முகம் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்தால் வேறு சொல்லுவான். நெல்சன் திட்டியது தூக்கத்தில் அவனை உறுத்தியிருக்கும். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "இல்ல மாமா, நான் போகத்தான் வேணும்" என்றுதான் சொல்லியிருப்பான். அவனை வளர்த்தவன் நான், எனக்குத் தெரியாதா. கண்டிப்பாக மாறியிருப்பான். மாறியிருக்க வேண்டும் என்றுதான் தினமும் காலையில் விளக்கேற்றி மாரியம்மனிடம் வேண்டிக்கொள்கிறேன்.